மகனின் என்சொகுவுக்கு ஓபெந்தோ: ஆறினாலும் ருசிக்கிற எளிய ஜப்பானியச் சமையல் சொல்லுங்களேன்

நிலாஅம்மா (டோக்கியோ, எதொகாவா) | மே 6, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஐந்து வயது. யோச்சியெனில், அதாவது மழலையர் பள்ளியில், படிக்கிறான். இந்த மாதம் 20ஆம் தேதி என்சொகு, அதாவது பூங்காவுக்குச் சுற்றுலா. மற்ற நாளில் பள்ளியிலேயே மதியச் சாப்பாடு வந்துவிடும். அன்றைக்கு மட்டும் வீட்டிலிருந்து ஓபெந்தோ (டப்பாவில் கட்டின மதியச் சாப்பாடு), தண்ணீர் பாட்டில், தரையில் விரிக்க ஒரு ஷீட் கொடுத்து அனுப்ப வேண்டும்.

போன அக்டோபரில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன். பாஸ்மதி அரிசி. மதியத்துக்குள் விறைத்துப் போய், அவன் அள்ளின பாதி ஷீட்டில் சிந்திவிட்டது. பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் சோற்று உருண்டையைக் கையில் பிடித்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். இவன் ஷீட்டில் கிடந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே இருந்தானாம். வீட்டுக்கு வந்து, "அம்மா, எனக்கும் கையில பிடிச்சுச் சாப்பிடற சோறு வேணும்" என்றான். ஆறு மாதமாக அது மனதை விட்டுப் போகவில்லை.

முட்டை சாப்பிடுவோம். மீனும் இறைச்சியும் இல்லை. காலை ஏழே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். எனக்கு ஜப்பானியச் சமையல் அவ்வளவாகத் தெரியாது. எளிதாக எதிலிருந்து தொடங்கலாம்?

---

கவாசாகி அக்கா | மே 6, இரவு 11.15

நிலா, முதலில் அரிசியை மாற்றும்மா. உன் எலுமிச்சை சாதத்தில் குறை எதுவும் இல்லை. பாஸ்மதி, பொன்னியெல்லாம் சூடாகச் சாப்பிடும்போது பூப்போல உதிரும், ஆறினால் விறைக்கும். அமிலோஸ் என்கிற மாவுச்சத்து அவற்றில் அதிகம், அதனால்தான். ஜப்பானியக் குட்டை அரிசியில் அது குறைவு. ஆறின பிறகும் மெத்தென்று இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். கோஷிஹிகாரி வாங்கு, ஏமாற்றாது.

இங்கே அரிசி அளக்கிற கப் ஒரு 'கோ', 180 மில்லி. அரிசி சுமார் 150 கிராம் பிடிக்கும். நாலைந்து தரம் களைந்து, 200 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டுக் குக்கரில் வை. வெந்ததும் உடனே திறக்காமல் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் அடியிலிருந்து கிளறிவிடு. சோறு 330 கிராம் போல வரும். உன் மகனுக்கு 50 கிராமில் இரண்டு உருண்டை போதும்.

ஒரு கோ சோற்றுக்கு அரை டீஸ்பூன் உப்பு. பிளாஸ்டிக் ராப் தாளை விரித்து, சூடு தணிவதற்குள் சோற்றை அதில் வைத்து மூடிப் பிடி. வெறுங்கையால் வேண்டாம். நம் கையிலுள்ள கிருமி நாலு மணி நேரம் பையில் கிடந்தால் பெருகிவிடும். கொழுக்கட்டைக்குப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிக்காதே, உள்ளே கல்லாகிவிடும். மூன்று நான்கு தரம் திருப்பி லேசாக அழுத்தினாலே முக்கோணம் வந்துவிடும். வெளியே நிற்கணும், வாயில் வைத்தால் உதிரணும், அதுதான் பதம்.

முதல் நாளே பிடித்து ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று தோன்றும். செய்யாதே. எந்த அரிசியானாலும் ஃபிரிட்ஜ் குளிரில்தான் சீக்கிரம் விறைக்கும். இரவே அரிசியைக் களைந்து குக்கரில் போட்டு, காலை ஐந்தரைக்கு வேகிற மாதிரி டைமர் வைத்துவிடு.

நான் 1998இல் இங்கே வந்தேன். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து எத்தனை ஓபெந்தோ கட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதில் புரிந்துகொண்டது ஒன்றுதான். இது காலை ஏழு மணிக்கு ருசிக்க வேண்டிய சாப்பாடு இல்லை, பன்னிரண்டு மணிக்கு ருசிக்க வேண்டியது. எந்தப் பண்டமானாலும் அந்த நேரத்தை மனதில் வைத்துத் தேர்ந்தெடு.

---

செம்பருத்தி (யோகோஹாமா) | மே 7, காலை 10.20

அக்கா அரிசியைச் சொல்லிவிட்டார். உருண்டைக்கு உள்ளே வைப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் மீன் சாப்பிடாதவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்வது அங்கேதான். சோற்றில் தூவுகிற ஃபுரிகாகே பெரும்பாலானவற்றில் கட்சுவோ மீன் தூள் இருக்கும். கடையில் விற்கிற தாஷி என்கிற சுவைச்சாற்றுத் தூள், தயார் சாஸ், ஏன், சில ஊறுகாயில்கூட உண்டு. பாக்கெட்டின் பின்னால் ஹிரகானாவில் க, ட்சு, ஓ என்று மூன்று எழுத்து சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். அந்த மூன்றை மட்டும் படிக்கத் தெரிந்தாலே கடையில் பாதிக் கவலை தீரும்.

எங்கள் வீட்டில் ஓடுகிறவை: வறுத்த எள்ளும் உப்பும், உரித்த எதமாமே என்கிற பச்சை சோயா பயறோடு கொஞ்சம் உப்புக் கொம்பு, யுகாரி என்கிற சிவப்பு ஷிசோ இலைத் தூள். (கொம்பு என்றதும் மாட்டுக் கொம்பு நினைப்பு வரும். இது கடற்பாசி.) உமெபோஷி என்கிற உப்பிட்ட பழ ஊறுகாய் நம் உப்பு நார்த்தங்காய் மாதிரி நாக்கைச் சுருட்டும். சில பிள்ளைகளுக்கு அது உயிர், சிலர் துப்பிவிடுவார்கள். வீட்டில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். அதிலும் கட்சுவோ கலந்த வகை உண்டு, கவனம்.

தாஷி வேண்டுமென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு போட்டு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் எடுத்துவிட்டால் அந்தத் தண்ணீரே தாஷி. கொதிக்க வைக்கிற வேலைகூட இல்லை.

---

ஒசாகாவாசி | மே 7, மதியம் 1.05

எங்கள் வீட்டில் காலை ஓபெந்தோ என் பொறுப்பு. மகளுக்கு இப்போது ஏழு வயது. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தமாகோயாகி என்கிற முட்டைச் சுருளைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தினமும் செய்தால் கை பழகிவிடும்.

இரண்டு முட்டை, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் ஷோயு (சோயா சாஸ்), ஒரு சிட்டிகை உப்பு. நுரை வராமல், குச்சியைப் பாத்திரத்தின் அடியில் வைத்தபடியே இப்படியும் அப்படியும் அறுப்பது போலக் கலக்குங்கள். சதுரச் சட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சின்னத் தோசைக்கல் போதும். மிதமான தீ. எண்ணெயைத் தாளில் தொட்டுத் தடவி, ஒரு துளி முட்டையை விட்டுப் பாருங்கள். உடனே சுர்ரென்று சத்தம் வந்தால் சூடு சரி. மூன்றில் ஒரு பங்கை ஊற்றி, மேல்பக்கம் பாதி ஈரமாக இருக்கும்போதே பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி ஓரமாகத் தள்ளுங்கள். மறுபடி எண்ணெய், மறுபடி முட்டை. இந்தத் தடவை சுருளைக் கொஞ்சம் தூக்கி அதன் அடியிலும் முட்டை ஓட வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒட்டும். முதல் சுருள் கோணலாக வந்தால் கவலை வேண்டாம், கடைசிச் சுற்று எல்லாவற்றையும் மூடிவிடும். எடுத்த சூட்டோடு சமையலறைத் தாளில் இறுகச் சுற்றி ஐந்து நிமிடம் வைத்தால் உருவம் நின்றுவிடும்.

டோக்கியோ பக்கம் இதில் இனிப்பு தூக்கலாக இருக்கும். இங்கே கன்சாயில், அதாவது ஒசாகா பக்கம், தாஷி ஊற்றித் தளதளவென்று செய்வார்கள். சூடாகச் சாப்பிட எனக்கு கன்சாய் முறைதான் பிடிக்கும். ஆனால் ஓபெந்தோவுக்கு டோக்கியோ முறையே சரி. தாஷி சேர்த்தது மதியத்துக்குள் நீர் விட்டுச் சோற்றையும் நனைக்கும், ஈரம் இருந்தால் கெடுவதும் வேகம். முட்டை நடுவில் ஈரமில்லாமல் முழுக்க வேக வேண்டும்.

---

மழைத்துளி (நகோயா) | மே 7, மாலை 6.40

எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நம் சாப்பாட்டை ஏன் ஒளிக்க வேண்டும்? பொடி தடவின குட்டி இட்லி ஆறினாலும் அருமையாக இருக்கும். பிள்ளை இன்றைக்கு மற்றவர்களைப் பார்த்துக் கேட்கிறான் என்று நாம் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சும்?

---

கவாசாகி அக்கா | மே 7, இரவு 10.30

மழைத்துளி, உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. என் மூத்தவள் காலத்தில் நானும் இதை நினைத்துத் தவித்திருக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளை இட்லி வேண்டாம் என்று சொல்லவில்லையே. கையில் பிடிக்கிற சோறு வேண்டும் என்றுதான் கேட்கிறான். அது நியாயமான தேவை. ஷீட்டில் சம்மணம் போட்டு, மடியில் டப்பாவை வைத்துச் சாப்பிடுகிற ஐந்து வயதுப் பிள்ளைக்கு எது வசதி என்று இந்த ஊர் நூறு வருடத்துக்கும் மேலாகப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறது. ஜப்பானில் பள்ளி மதிய உணவு 1889இல் யாமகதா மாநிலத்து ட்சுருஒகாவில், ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்பார்கள். அன்றைக்குப் போட்டது ஓனிகிரி என்கிற இதே சோற்று உருண்டை, உப்பிட்டுச் சுட்ட மீன், ஊறுகாய். இன்றும் ஓபெந்தோவில் அதே மூன்றைப் பார்க்கலாம்.

பொடி இட்லியும் வைக்கலாம், இடமிருக்கிறது. ஒரு மூலையில் குட்டி இட்லி இரண்டு இருந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

---

தாமரைக்குளம் (சைத்தாமா) | மே 8, காலை 9.10

நான் மூன்று வருடமாக ஒரு ஹொய்குயெனில் (குழந்தைகள் காப்பகம்) உதவியாளராக இருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் பக்கத்தில்தான் உட்காருவேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

உருண்டையாக வழுக்குகிற எதையும் முழுசாக வைக்காதீர்கள். குட்டித் தக்காளி, திராட்சை இரண்டையும் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். காடை முட்டை வேண்டவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் புகுஒகாவில் முதல் வகுப்புப் பிள்ளை பள்ளிச் சாப்பாட்டில் அது தொண்டையில் அடைத்து உயிரிழந்தது. முந்திரி, வேர்க்கடலை மாதிரி கடினமான பருப்புகளை ஐந்து வயது வரை கொடுக்க வேண்டாம் என்று ஜப்பான் அரசின் நுகர்வோர் முகமையே சொல்கிறது. பல் குத்துகிற குச்சியில் கோத்தும் அனுப்பாதீர்கள். நோரி என்கிற கடற்பாசித் தாளை அகலமாகச் சுற்றினால் சின்னப் பல்லுக்கு அறுபடாது, மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விரல் அகலப் பட்டையாக வெட்டிச் சுற்றுங்கள்.

அப்புறம் அளவு. இந்த வயதுக்கு 300 மில்லியிலிருந்து 400 மில்லி டப்பா போதும். நம் அம்மாக்கள் பசியோடு இருக்குமே என்று பெரிய டப்பா நிறையத் திணித்து அனுப்புகிறார்கள். பாதி மிஞ்சினால் பிள்ளைக்கு முகம் வாடிவிடுகிறது. சின்ன டப்பாவைக் காலி செய்துவிட்டு "சென்செய், பாருங்க, தீர்ந்துடுச்சு!" என்று கவிழ்த்துக் காட்டுகிற பிள்ளையின் சந்தோஷத்தை நான் தினம் பார்க்கிறேன். டப்பாவை நிரப்ப, சோறு மூன்று பங்கு, முட்டை போன்ற முக்கியப் பண்டம் ஒரு பங்கு, காய் இரண்டு பங்கு என்று இங்கே ஒரு கணக்கு உண்டு. இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது எல்லாம் ஒரு பக்கம் குவிந்துவிடும்.

மூடியைத் தானே திறக்க வருகிறதா என்று வீட்டில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டப்பாவைச் சுற்றிக் கட்டுகிற துணி முடிச்சும் அப்படித்தான்.

---

செம்பருத்தி | மே 8, மதியம் 12.30

தாமரைக்குளம் சொன்ன அந்த இரண்டு பங்கு காய்க்கு நான் செய்கிறவை மூன்று.

கேரட் கின்பிரா. கேரட்டைத் தீக்குச்சி மாதிரி அரிந்து, எள் எண்ணெயில் மூன்று நிமிடம் வதக்கி, ஷோயுவும் சர்க்கரையும் ஒவ்வொரு டீஸ்பூன் விட்டு, ஈரம் முழுக்க வற்றும் வரை பிரட்டி, எள் தூவினால் ஆயிற்று. பொரியல் செய்கிற கைக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். கோபோ என்கிற வேர்க்கிழங்கு சேர்ப்பதுதான் வழக்கம், பிள்ளைக்குக் கேரட் மட்டும் போதும்.

கீரை கோமா-அயே. ஹோரென்சோ (ஸ்பினாச்) கீரையை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு, குளிர்ந்த நீரில் அலசிப் பிழியுங்கள். வெட்டின பிறகு இன்னொரு தரம் பிழியுங்கள், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பொடித்த எள் இரண்டு டேபிள்ஸ்பூன், ஷோயு, சர்க்கரை ஒவ்வொரு டீஸ்பூன். எள் மிஞ்சின ஈரத்தைக் குடித்துக்கொள்ளும்.

கபோச்சா. இது இங்கத்துப் பரங்கி, தோல் பச்சை, சதை வள்ளிக்கிழங்கு மாதிரி மாவாக இருக்கும். கம்போடியாவிலிருந்து போர்த்துகீசியர் கொண்டு வந்ததால் அந்த நாட்டுப் பெயரே காய்க்கு ஒட்டிக்கொண்டதாம். 300 கிராம் துண்டுகளைத் தோல் அடியில் இருக்கும்படி பரப்பி, 150 மில்லி தண்ணீர், சர்க்கரை, ஷோயு ஒவ்வொரு டேபிள்ஸ்பூன் சேர்த்து மூடி, பத்துப் பன்னிரண்டு நிமிடம். கிளறக் கூடாது, உடைந்துவிடும். முதல் நாளே செய்யலாம், ஊறினால் இன்னும் ருசி. காலையில் சுடவைத்து, ஆறவிட்டு எடுத்து வையுங்கள்.

---

அடையாறுகாரி (சென்னை) | மே 8, இரவு 8.15

இடையில் நுழைகிறேன், மன்னியுங்கள். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஜூலையில் பள்ளியில் பல நாட்டு உணவு நாள், அவள் குழுவுக்கு ஜப்பான் வந்திருக்கிறது. இங்கே எங்கள் பொன்னி அரிசியில் ஓனிகிரி பிடிக்கலாமா?

---

ஒசாகாவாசி | மே 8, இரவு 9.45

பொன்னியில் தண்ணீர் கூட்டிக் குழைத்தால் உருண்டை பிடிக்க வரும், ஆனால் அது தயிர்சாதப் பதம், ஓனிகிரி ஆகாது. குட்டை அரிசி கிடைக்காவிட்டால் அரிசியை விட்டுவிடுங்கள். தமாகோயாகியும் கேரட் கின்பிராவும் எந்த ஊர் அடுப்பிலும் வரும். ஒன்றே ஒன்று: நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. ஜப்பானில் வறுத்த எள்ளில் எடுப்பார்கள், வாசனை வேறு. நல்லெண்ணெயிலேயே வதக்கி, கடைசியில் பொன்னிறமாக வறுத்த எள்ளைக் கையால் நசுக்கித் தூவச் சொல்லுங்கள், நெருங்கி வந்துவிடும். சென்னை வெயிலில் முட்டையை மூன்று மணி நேரம் வெளியே வைக்க வேண்டாம். ஐஸ் கட்டியோடு எடுத்துப் போகட்டும். மயோனைஸ் போட்ட முட்டை சாண்ட்விச்சும் ஜப்பானில் பிரபலம்தான், ஜூலைச் சென்னைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

---

நிலாஅம்மா | மே 11, இரவு 10.05

எல்லோருக்கும் நன்றி. கோஷிஹிகாரி இரண்டு கிலோ வாங்கினேன். நேற்று ஞாயிறு, மதியம் பன்னிரண்டுக்குச் சாப்பிட காலை ஏழுக்கே கட்டி வைத்துப் பார்த்தோம். எள் உருண்டை நன்றாக வந்தது. ஆனால் டப்பாவைத் திறந்தால் மூடியெல்லாம் தண்ணீர், கீரை கசகசவென்று இருந்தது. எங்கே தவறினேன்?

---

கவாசாகி அக்கா | மே 11, இரவு 10.50

சூட்டோடு மூடியிருப்பாய். ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி உள்ளேயே விழும். அந்த வெதுவெதுப்பும் ஈரமும்தான் கிருமிக்குத் தோது. ஒவ்வொன்றையும் தனித்தனித் தட்டில் பரப்பி, அடியில் ஐஸ் பொதி வைத்து, விசிறியில் ஆற்று. தொட்டால் சில்லென்று இருந்த பிறகுதான் டப்பாவில் வைக்க வேண்டும். மூடிமேலே சின்ன ஐஸ் பொதி வைத்துத் துணியால் கட்டு. ஜூனில் ட்சுயு மழை தொடங்கினால் இதில் ஒன்றைக்கூட விட முடியாது, இப்போதே பழகிக்கொள்.

வெயில் ஏறும் நாளுக்கு இனாரிசூஷி, அதாவது டோஃபுப் பையில் அடைத்த சோறு, இன்னும் நல்லது. காடி, அதாவது வினிகர், கலந்த சோறு சீக்கிரம் கெடாது. பொரித்த டோஃபு, அபுரா-அகே, ஐந்து எடு. ஒவ்வொன்றின் மேலும் குச்சியை உருட்டினால் உள்ளே பிரிந்துகொள்ளும். பாதியாக வெட்டினால் பத்துப் பை. கொதிநீர் ஊற்றி எண்ணெயை இறக்கு. 200 மில்லி கொம்பு தாஷி, மூன்று டேபிள்ஸ்பூன் சர்க்கரை, இரண்டரை ஷோயு. நீர் வற்றி வரும் வரை கால் மணி நேரம் சிறுதீயில் விட்டு, ஆறவைத்து, இரவு ஃபிரிட்ஜில் ஊறவிடு. காலையில் இரண்டு கோ சோற்றுக்கு நாலு டேபிள்ஸ்பூன் அரிசிக் காடி, இரண்டு சர்க்கரை, ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து, பையை லேசாகப் பிழிந்து அடைத்துவிடு. கடையில் தயார் பை கிடைக்கும், ஆனால் அதில் பெரும்பாலும் செம்பருத்தி சொன்ன அந்த மூன்று எழுத்து இருக்கும்.

இனாரி கோயில் நரிக்குப் பொரித்த டோஃபு பிடிக்கும் என்று இங்கே சொல்வார்கள், பெயர் அதனால்தான். கன்சாயில் நரிக் காது மாதிரி முக்கோணமாகவே செய்வார்கள். மகனிடம் சொல், விரும்பிச் சாப்பிடுவான்.

---

நிலாஅம்மா | மே 20, இரவு 9.30

இன்றைக்கு என்சொகு. காலையிலிருந்தே மழை, பூங்காவுக்குப் போகவில்லை. ஆனாலும் ஓபெந்தோ கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். வகுப்புக்குள்ளேயே ஷீட் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.

எள் உருண்டை ஒன்று, இனாரி ஒன்று, தமாகோயாகி இரண்டு துண்டு, கின்பிரா, கபோச்சா, மூலையில் பொடி இட்லி இரண்டு. நேற்று இரவே டோஃபுப் பையும் கபோச்சாவும் முடிந்ததால் காலையில் ஐம்பது நிமிட வேலைதான். மழைத்துளி, உங்கள் பொடி இட்லியில் ஒன்றைப் பக்கத்துப் பையன் கேட்டானாம். பள்ளியில் பகிரக் கூடாது என்பதால் இவன் கொடுக்கவில்லை. "வீட்டுக்கு வா, எங்கம்மா செய்வாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஒரு பருக்கை இல்லை. கபோச்சாவின் தோல் மட்டும் நாலு துண்டு, வரிசையாக ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தான்.

---

செம்பருத்தி | மே 20, இரவு 10.10

படிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது நிலா. அடுத்த தடவை கபோச்சாத் தோலை அங்கங்கே மட்டும் சீவிவிடுங்கள். முழுக்கச் சீவினால் வேகும்போது கரைந்துபோகும், பட்டை பட்டையாக விட்டால் மெதுவாகவும் இருக்கும், துண்டும் நிற்கும். அந்தப் பையன் வீட்டுக்கு வருகிறானென்றால், இட்லிக்கு முன்னால் அவன் அம்மாவிடம் எள் ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இங்கே நிறையப் பிள்ளைகளுக்கு ஒவ்வாமை உண்டு, நம் பொடியில் எள் இருக்கிறதே.